அரிஸ்டாட்டிலுக்கு ஆரப்பாளையத்தில் ஒரு சிலை

மதுரையில் சிலைக்குப் பஞ்சமில்லை. தலைவர்கள், தியாகிகள், புலவர்கள் என்று சந்திப்புக்கு ஒருவர் வெயிலிலும் புகையிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரின் நிர்வாகத்துக்கு அன்றாடம் வழிகாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவருக்கு மட்டும் இதுவரை ஒரு பீடம்கூடக் கட்டவில்லை. அவர் பெயர் அரிஸ்டாட்டில். இறந்தது கி.மு. 322-ல். அவருக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில், தேனி பஸ்ஸும் திண்டுக்கல் பஸ்ஸும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரும்பும் இடத்தில், ஒரு முழு உருவச் சிலை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டின் கவுன்சிலர் கணவன்மார்கள் தலைக்குக் கொஞ்சம் போட்டால் வெண்கலத்திலேயே வைத்துவிடலாம். அவருக்கு அவ்வளவு கடன்பட்டவர்கள் வேறு யாருமில்லை.

அப்படி என்ன செய்தார்? 'அரசியல்' என்ற நூலின் முதல் பகுதியில் வீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். ஆய்ந்து முடிவெடுக்கும் திறன் அடிமைக்கு அறவே கிடையாது. குழந்தைக்கு உண்டு, ஆனால் முற்றவில்லை. பெண்ணுக்கும் உண்டு, ஆனால் அது செல்லுபடியாகாது. கவனிக்க வேண்டும்: பெண்ணுக்கு மூளை இல்லை என்று பெரியவர் சொல்லவே இல்லை. மூளை இருக்கிறது, சீல் மட்டும் கிடையாது என்றார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து இந்திய அரசு அந்தச் சீலைக் கொடுத்தது. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி, மாநகராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்றது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டு. அதில் பாதி பெண்களுக்கு. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. சீல் அம்மாவின் பெயரில் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் ஐயாவின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

சந்தேகம் இருந்தால், தெருவில் சாக்கடை பொங்கும் ஒரு காலையில், எந்த ஊரிலாவது பெண்ணுக்கு ஒதுக்கிய ஒரு வார்டின் கவுன்சிலர் எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்கள்.

"அண்ணே, கவுன்சிலர் அக்கா இருக்காங்களா?"

"கவுன்சிலர்தான்ப்பா பேசுறேன், சொல்லு."

குரல் கனத்த ஆண் குரல். நாமும் தயங்குவதில்லை. "அண்ணே, மூணு நாளா தண்ணி நிக்குதுண்ணே" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அக்கா எங்கே என்று கேட்டால், "வீட்ல வேலையா இருக்கா" என்பார். வீட்டு நிர்வாகம் அவளுக்கு, ஊர் நிர்வாகம் அவருக்கு. 'அரசியல்' நூலைப் புரட்டாமலே அதை மனப்பாடம் செய்த மனிதர்.

பழைய ஏதென்ஸில் இந்த ஏற்பாடு இன்னும் ஒழுங்காக இருந்தது. அங்கே ஒவ்வொரு குடிமகளுக்கும் 'கூரியோஸ்' என்று ஓர் ஆண் பொறுப்பாளர் உண்டு. அப்பா, கல்யாணமானால் கணவன், அவன் போனால் மகன். ஒரு குறிப்பிட்ட அளவு வாற்கோதுமைக்கு மேல் விலையுள்ள எந்தப் பேரத்தையும் அவள் தானாக முடிக்க முடியாது. நீதிமன்றத்தில் பேசுகிறவர்கள் மரியாதையான வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றுதான் குறிப்பிடுவார்கள். மக்கள் மன்றத்தில் முக்கியமான தீர்மானங்களுக்கு ஆறாயிரம் பேர் வந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த ஆறாயிரத்தில் ஒரு பெண்கூட இருக்க வழியில்லை. இதற்குப் பெயர் ஜனநாயகம் என்று உலகமே இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது தேர்தல் நேரத்துப் பிளக்ஸ் போர்டுகளை நினைத்துப் பாருங்கள். மேலே வரிசையாகத் தலைவர்கள். நடுவில் வேட்டி சட்டையோடு கும்பிடும் கணவர், ஆளுயரத்துக்கு. ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் ஒரு பெண் முகம். வேட்பாளர் அந்த ஓரத்து முகம்தான். பெயரும் தனியாக வராது, கணவர் பெயரைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் வரும். ஏதென்ஸ்காரன் பார்த்தால் கண் கலங்கிப்போவான். அவன் பெண்ணின் பெயரை மறைக்கத்தான் கற்றான். அதை அச்சடித்துச் சந்தியில் நிறுத்திய பிறகும் மறைக்க முடியும் என்பது நம் கண்டுபிடிப்பு.

அரிஸ்டாட்டிலின் இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். குடிமக்கள் ஆளும் அரசில் ஆள்வதும் ஆளப்படுவதும் மாறி மாறி வரும் என்றார். கணவன் மனைவியை ஆள்வதும் அதே வகை ஆட்சிதான், ஆனால் அங்கே முறை மட்டும் மாறவே மாறாது என்றார். நம் ஊரில் இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறோம்: சுழற்சி முறை. வார்டு பொதுவாக இருந்தால் கணவர் நிற்பார். பெண்களுக்குச் சுழன்று வந்தால் மனைவி நிற்பாள். மறுபடி பொதுவானால் கணவர் மீண்டும் நிற்பார். சுழல்வது வார்டு, உட்கார்ந்திருப்பது அதே ஆள்.

ஸ்பார்ட்டா நாட்டைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அங்கே நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் போய்விட்டது, ஆண்கள் அவர்கள் சொல்கேட்டு நடக்கிறார்கள் என்று பொருமினார். பெண்கள் நேராக ஆண்டாலும், ஆள்கிறவர்களைப் பெண்கள் ஆண்டாலும் விளைவு ஒன்றுதான் என்பது அவர் வாதம். மதுரைக்கு வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இங்கே ஆள்கிற பெண்களை ஆண்கள் ஆள்கிறார்கள். விளைவு ஒன்றுதான்.

அவருடைய குரு பிளேட்டோவுக்கும் பக்கத்திலேயே ஒரு சிலை வைக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். கூடவே கூடாது. ஆள் ஆபத்தானவர். 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் வம்புக்கு இழுத்தார். காவல் நாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதானே மந்தை காக்கின்றன, குட்டி போடுகிறது என்பதற்காகப் பெட்டை நாயை வீட்டில் கட்டிவைக்கிறோமா என்று கேட்டார். மொட்டைத்தலையன் செருப்புத் தைக்கலாம் என்றால் முடி வளர்த்தவன் தைக்கக்கூடாது என்று தடுப்பீர்களா, வேலைக்குத் திறமைதானே கணக்கு என்று கேட்டார். அப்படியானால் தகுதியுள்ள பெண்ணுக்கும் நாட்டை ஆளும் பயிற்சி கொடுங்கள் என்று முடித்தார். அவரைப் பெண்ணியவாதி என்று தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அதே பேச்சில் எந்த வேலையிலும் மொத்தத்தில் ஆணே மேல் என்று ஒரு கை வைத்துக்கொண்டார். காவலர் குலத்துப் பெண்களும் பிள்ளைகளும் பொது என்று வேறு எழுதினார். ஆனாலும் அவர் பள்ளியில் அக்சியோதியா, லாஸ்தேனியா என்று இரண்டு பெண்கள் படித்ததாகச் சொல்கிறார்கள். முதலாமவர் ஆணுடையில் வருவாராம். இப்படிப்பட்ட மனிதரின் சிலையைப் பார்த்து எந்தக் கவுன்சிலர் அக்காவுக்காவது நாமே கூட்டத்துக்குப் போய்ப் பேசினால் என்ன என்று தோன்றிவிட்டால், ஊர் என்னாகும்?

ஏதென்ஸின் நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸ் பெண்கள் ஆள்வதைக் கிண்டலாகவே பார்த்தார். கி.மு. 391 வாக்கில் அரங்கேறிய அவருடைய நாடகத்தில் பிராக்சகோரா என்றொரு பெண் தோழிகளைத் திரட்டுகிறாள். எல்லோரும் பொய்த்தாடி ஒட்டி, புருஷனின் மேலாடையைப் போர்த்திக்கொண்டு விடிவதற்குள் மக்கள் மன்றத்தில் போய் உட்கார்ந்து, ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டுவிடுகிறார்கள். தன் துணியைக் காணாத புருஷன் மனைவியின் உடையைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறான். ஏதென்ஸ் விழுந்து விழுந்து சிரித்தது. பெண் ஆள்வது என்பதே அங்கே பெரிய நகைச்சுவை.

நம் நாடகம் அதைத் தலைகீழாகப் போடுகிறது. ஏதென்ஸ் பெண்ணுக்குச் சபைக்குள் நுழையத் தாடி வேண்டியிருந்தது. நம் கணவருக்குப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் உட்காரச் சேலை கட்ட வேண்டிய சிரமம்கூட இல்லை. மீசையோடே உட்காரலாம். யாரும் சிரிப்பதில்லை. அதிகாரி எழுந்து வணக்கம் சொல்கிறார், ஒப்பந்தக்காரர் பழத்தட்டோடு வருகிறார். ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இந்தப் பினாமி ஆட்சியை ஆராய ஒரு குழு போட்டு, அந்தக் குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. நிரூபணமானால் மற்றவர்களுக்குப் பாடமாகும்படி தண்டிக்க வேண்டும் என்றது. வடக்கே 'சர்பஞ்ச் பதி', அதாவது ஊராட்சித் தலைவியின் கணவர், என்று ஒரு பதவிப் பெயரே நிலைத்துவிட்டது. அரசியல் சட்டம் உருவாக்காத பதவிக்கு அரசாங்கம் குழு போட்டு ஆராய வேண்டிய நிலை.

இதெல்லாம் நம் மரபு என்று ஒரு கூட்டம் வரும். வரட்டும். எந்த மரபு என்று கேட்போம்.

மதுரைக்காரனிடம் போய் மரபு பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று தமிழ்நாடே கேட்கிறது. வீட்டில் பெண் சொல் எடுபட்டால் மதுரை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து, செங்கோல் கொடுத்து, அடுத்த நாள் திக்விஜயத்துக்கு அனுப்பி, அதற்கும் அடுத்த நாள்தான் கல்யாணம் செய்துவைக்கிறோம். முதலில் முடி, பிறகுதான் தாலி. ஆவணி வரை நான்கு மாதம் இந்த ஊர் அவள் ஆட்சியில் இருப்பதாக ஐதீகம். சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ்கூடத் தெற்கே பாண்டையா என்ற பெண்ணரசியைப் பற்றிய கதையைக் கேட்டு எழுதிவைத்தார். தகப்பன் அவளுக்கு 500 யானை, 4,000 குதிரை வீரர், 1,30,000 காலாட்படை கொடுத்தானாம். தன் ஊரில் பெண்ணை மன்றத்தின் வாசலில்கூட நிறுத்தாத கிரேக்கன், பாண்டிய நாட்டுப் பெண் யானைப் படையோடு ஆண்டாள் என்று நம்பினான். நாம்தான் நம்பவில்லை.

நம்பாததற்குச் சாட்சி வேண்டுமா? 2024 சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. பட்டாபிஷேகத்தன்று அம்மனின் செங்கோலைக் கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் வாங்கிக்கொள்வது வழக்கம். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு பெண், கணவரை இழந்தவர். கணவரையோ மனைவியையோ இழந்தவர் கையில் செங்கோல் தரலாகாது என்பது மனு. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொடுக்கிறவள் ஒரு பெண், ஆள்கிறவள் ஒரு பெண். வாங்குகிற பெண்ணிடம் மட்டும் உன் புருஷன் எங்கே என்று கேட்கத் தோன்றியிருக்கிறது.

ராணி மங்கம்மாளையும் விட்டுவிட வேண்டாம். 1689 முதல் 1706 வரை மதுரையை நடத்தியவர். சாலை போட்டார், சத்திரம் கட்டினார், தஞ்சாவூரோடும் திருவிதாங்கூரோடும் கணக்குத் தீர்த்தார். ஆனால் பட்டம் யாருக்கு? தொட்டிலில் கிடந்த பேரனுக்கு. அன்று வேலை பெண்ணுக்கு, பெயர் பால்குடி ஆணுக்கு. இன்று பெயர் பெண்ணுக்கு, பலன் வளர்ந்த ஆணுக்கு. முன்னூறு வருஷத்தில் ஆணுக்குப் பல் முளைத்துவிட்டது, அதுதான் முன்னேற்றம்.

ஆரப்பாளையத்திலேயே ஒரு கதை இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு உரிமை அதிகம். வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் முரசு அறைந்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்தார், வேலையில் ஏமாற்றியதற்குப் பிரம்படியும் வாங்கினார். அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் சாமி நம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி அதை நடித்துக்காட்டுகிறார்.

பெண்ணுக்குப் பதிலாக ஆண் வருவது என்றால் அதுதான் முறை. அந்தப் பதிலாள் அவளிடம் கூலிக்கு நின்றார். மண் சுமந்தார். அடியைத் தன் முதுகில் வாங்கினார். நம் பதிலாள்கள் மண்ணை விற்கிறார்கள். பிட்டு முழுவதும் அவர்களுக்கு, உதிர்ந்தது உதிராதது எல்லாம். வழக்கு என்று வந்தால் கோப்பில் இருப்பது அவள் கையெழுத்து. பிரம்பு அவள் முதுகைத் தேடிப் போகும்.

அண்மையில் நடந்ததையும் பாருங்கள். மதுரை மாநகராட்சிச் சொத்து வரி முறைகேட்டு வழக்கில் 2025 ஆகஸ்டில் மேயரின் கணவர் கைது செய்யப்பட்டார். அக்டோபரில் மேயர் பதவி விலகினார். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஊரே 'மேயர் கணவர்' என்ற சொல்லை உதவி ஆணையர், நகர் நல அலுவலர் என்பதுபோல ஒரு பதவியாகப் புழங்கியது. அப்படி ஒருவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று டீக்கடையில்கூட ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் சிரித்தோம். இனிச் சிரிக்க முடியாது. பெண் சும்மா இருந்தால் பினாமி என்று கேலி செய்கிறோமே, சும்மா இல்லாத பெண்களை என்ன செய்தோம்?

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியர். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட நின்றவரை 2011-ல் வெட்டிச் சாய்த்தார்கள். உயிர் பிழைத்தது அவருடைய வைராக்கியம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-ல் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள், மற்றவர்கள் நாற்காலியில். தலைவரே தரையில்! பிறவியிலேயே அடிமை, பிறவியிலேயே ஆளப்படுகிறவள் என்று அரிஸ்டாட்டில் இரண்டாகப் பிரித்து எழுதியதை நம் ஊரில் ஒரே பெண்ணின் மேல் ஒரே நாளில் நிறைவேற்றுகிறார்கள்.

மதுரையிலேயே பாருங்கள். 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்த முதல் தேர்தல். வில்லாபுரத்தில் நெசவுத் தொழிலாளி லீலாவதி மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் கவுன்சிலரானார். போனை அவரே எடுத்தார். கூட்டத்தில் அவரே பேசினார். குடிதண்ணீரைக் காசாக்கிக்கொண்டிருந்த கும்பலின் பிழைப்பைக் கெடுத்து, வில்லாபுரத்துக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வர வழிசெய்தார். கவுன்சிலராகி ஏழு மாதம்கூட முடியவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் நடுத்தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் சிலரை 2008-ல் அண்ணா நூற்றாண்டு என்ற பெயரில் அரசே வெளியே விட்டது. பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் போட்டோம் என்று மேடைதோறும் சொல்லும் கட்சிதான் அப்போது ஆண்டது.

இதுதான் இந்த ஊர் பெண் பிரதிநிதிக்கு வைத்திருக்கும் கணக்கு. கையெழுத்து மட்டும் போட்டால் பொன்னாடை. கேள்வி கேட்டால் அரிவாள். இரண்டுக்கும் நடுவே நின்று வேலை செய்து காட்டுகிற பெண்கள் இல்லாமலில்லை. 1967-லேயே நாடக மேடையிலிருந்து வந்து மதுரை கிழக்கில் ஜெயித்த கே.பி. ஜானகியம்மாளின் ஊர் இது. இன்றும் காலையில் சாக்கடை அடைப்பைப் பார்க்கத் தானே நடந்து வரும் கவுன்சிலர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் பினாமிகளால் முதல் அவமானம். மேஜைக்கு எதிரே போய் நின்றால் அதிகாரி கேட்கிற முதல் கேள்வி, "சார் வரலையாம்மா?"

பெண்ணுக்கு விவரம் போதாது, அதனால்தான் கணவர் உதவுகிறார் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். பொய். விவரமுள்ள பெண்கள் இவர்கள் கட்சியிலேயே கொடி பிடித்து, பூத்தில் உட்கார்ந்து, நோட்டீஸ் கொடுத்து வயதானவர்கள். சீட்டுக் கொடுக்கும்போது அவர்களைத் தாண்டி, கட்சிக்கு வேலை செய்தே இராத மனைவியையும் அம்மாவையும் தேடிப் பிடித்து நிறுத்துவது யார்? மாவட்டச் செயலாளர். அந்தப் பதவிக்குப் பெண்களுக்கு எந்தச் சட்டமும் இடம் ஒதுக்கவில்லை, எந்தப் பெரிய கட்சியும் பாதியைத் தானாகக் கொடுக்கவுமில்லை. 2021-ல் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பாதி, மனசாட்சிக்கு விட்ட இடத்தில் இருபதில் ஒன்று. மகளிரணி மாநாட்டில் சமத்துவம் பேசுகிற எல்லாக் கட்சியின் உண்மையான கொள்கை அறிக்கையும் இந்த இரண்டு எண்கள்தான்.

ஆகவே சிலை வைப்பதென்றால் வெளிப்படையாக வையுங்கள். பெரியார் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் பின்னால் அரிஸ்டாட்டிலை ஒளித்துவைத்துக் கும்பிடாதீர்கள். வைக்க வெட்கமாக இருந்தால் வேலையைச் செய்யுங்கள். கட்சிகள் மாவட்டப் பொறுப்புகளில் பாதியைப் பெண்களுக்குக் கொடுக்கட்டும். மாநகராட்சி அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்படாத எவரையும் மேஜைக்கு முன் உட்கார வைக்காமல் அனுப்பட்டும். பதிலாள் பிடிபட்டால் பதிலாள் மேல் வழக்குப் பாயட்டும், அவள் மேல் மட்டுமல்ல.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லாதது. அடுத்த முறை போனில் ஆண் குரல் "கவுன்சிலர்தான் பேசுறேன்" என்றால், குறையைச் சொல்லாதீர்கள். "அக்காகிட்ட குடுங்கண்ணே, ஓட்டு அவங்களுக்குத்தான் போட்டோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.